படுவான்கரைப் பாறைகளில் ஒதுங்குதல்

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூரை அண்டிய தாழ்நிலங்களிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடற்கரைக்கு இணையாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை என்றும் வழங்கும். மழையிலோ புயலிலோ அகப்பட்டவர் இயற்கைக் குகைகளில் ஒதுங்கி உயிர் காத்துக்கொள்ள இயலுமா என்ற கேள்வி, இப்பிரதேசத்தைப் பொறுத்தவரை, படுவான்கரைக்கும் அதற்கு அப்பாலுள்ள காட்டுக்கும் மட்டுமே உரியது. எழுவான்கரையில் ஓர் ஆள் குந்தியிருந்து மழைக்கு ஒதுங்கத்தக்க பாறை கிடையாது. ஆகவே இக்கேள்விக்கு விடை தேடும் பயணம் வாவியைக் கடப்பதிலிருந்தே தொடங்குகிறது.

வாவியைக் கடக்கும் வழிகளுள் மண்முனைப் பாலம் அண்மைக் காலத்தது. 2014இல் அது திறக்கப்படும் வரை அத்துறையில் மக்களை அக்கரை சேர்த்தது 'பாதை' ஆகும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு இரு துறைகளுக்கிடையே சென்று வரும் தட்டையான மிதவையை மட்டக்களப்பார் அப்பெயரால் அழைப்பர். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் இத்தகைய பாதைகள் நெடுங்காலம் ஓடிவந்தன. வடகீழ்ப் பருவக்காற்று வலுத்து வாவி கொந்தளிக்கும் நாட்களில் பாதை நின்றுவிடும் என்பதால், மருத்துவமனையும் சந்தையும் மிகுதியாகத் தேவைப்படும் அதே மாதங்களில் படுவான்கரை துண்டிக்கப்பட்டுப்போவது வழக்கமாயிருந்தது. வெளியுதவி வந்து சேரும் வரை தன் நிலத்தில் உள்ளதைக் கொண்டே தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற நிலை அக்கரை மக்களுக்குப் புதிதன்று.

எனினும், பெரிய அனர்த்தங்களின்போது குகைகள் இம்மாவட்ட மக்களுக்குப் புகலிடமாகும் என்று கருதுவது தவறு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி மட்டக்களப்பை ஊடறுத்துச் சென்றபோது, நாடளவில் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் ஒருங்கே பறந்தன. மக்கள் அடர்ந்து வாழ்ந்ததோ வாவியின் இரு கரைகளிலும். பாறைக் குன்றுகள் இருந்ததோ காட்டுக்குள். இருளில், மரங்கள் முறிந்து விழும் வழியே அத்தனை தூரம் நடந்து எவரும் குன்றை அடைந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடி மணற்றிட்டை அழித்தபோது, தப்புவதற்குக் கிடைத்த அவகாசம் சில நிமிடங்களே. அபாயம் வந்து சேருமுன் கால்நடையாகச் சென்றடையக்கூடிய இடமே புகலிடமாகும். அந்த அளவுகோலால் அளந்தால், வாவிக்கரை மக்களுக்கு உறுதியான சுவரும் கூரையும் கொண்ட பாடசாலையும் கோயிலும் தேவாலயமுமே புகலிடங்கள். குகை, ஏற்கெனவே காட்டுக்குள் இருப்பவர்க்கு உரியது.

அப்படிக் காட்டுக்குள் இருப்போர் எவர் என்பதைப் படுவான்கரை வழியே செல்பவர் எளிதில் அறிந்துகொள்வர். பெரும்போக நெற்செய்கை தொடங்கியதும், பயிரை மேய்ந்துவிடாதபடி மாட்டுப் பட்டிகள் வயற்புறத்திலிருந்து மேற்கேயுள்ள மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்லப்படுகின்றன; பட்டிக்காரர்கள் அங்கே வாடி எனப்படும் தற்காலிகக் குடில்களை அமைத்துக்கொண்டு, மழைக்காலம் முழுவதையும் அவ்விடத்திலேயே கழிக்கின்றனர். மழை உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் மனிதர் காட்டின் விளிம்புக்குச் செல்ல நேர்கிறது என்பது இத்தொழிலின் இயல்பான முரண். இவர்களோடு தேன் எடுப்போர், சேனைப் பயிருக்குக் காவல் கிடப்போர், விறகு வெட்டுவோர், கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் ஆகியோரையும் சேர்த்தால், பாறையின் ஒதுக்கு உண்மையிலேயே தேவைப்படுவோரின் பட்டியல் ஓரளவு நிறைவுறும். பொழுதுபோக்காக மலையேற வருவோர் இப்பட்டியலில் அண்மையில்தான் இடம்பெற்றனர். ஆயத்தமின்றி வருவோரும் பெரும்பாலும் அவர்களே.

மண்முனையைக் கடந்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தைத் தாண்டித் தென்மேற்கே செல்லும் வழி தாந்தாமலைக்கு இட்டுச் செல்கிறது. சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் முருகன் தலமாகிய இக்குன்றுக்கு ஆடிமாதத் திருவிழாவின்போது பெருந்தொகையான மக்கள் வந்து கூடுவர். ஏனைய நாட்களில் யானை நடமாட்டம் குறித்த எச்சரிக்கையோடுதான் இவ்வழியில் செல்ல வேண்டியிருக்கிறது. வயல்வெளியின் மட்டத்திலிருந்து திடீரென எழும் இத்தகைய பாறை மேடுகளைப் புவியியலாளர் தனிக்குன்றுகள் என்பர். இலங்கையின் கிழக்குப் பகுதிக்கு அடித்தளமாக அமைந்துள்ள விஜயன் தொகுதி என்னும் பழம்பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த இவை பெரும்பாலும் நைஸ் பாறைகளால் ஆனவை. நைஸ் என்பது பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, கருமையும் வெண்மையுமான வரிகளோடு காணப்படும் கடினப் பாறை. மேலே கிடந்த மண்ணும் கல்லும் அரித்தகன்று பாரம் குறையும்போது, இப்பாறையின் மேற்பரப்பு வெங்காயத் தோல் உரிவதுபோலப் படலம் படலமாகக் கழல்கிறது. கழன்ற படலங்கள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்வதாலும், பாறையின் அடிப்பகுதி ஈரத்தால் விரைவாக உக்கி உட்குழிவதாலும் ஒதுக்கிடங்கள் உருவாகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியுள்ளது. குகை என்றதும் படித்தவர் மனத்தில் தோன்றுவது சுண்ணக்கல்லை நீர் கரைத்து உண்டாக்கிய, நிலத்துக்கடியில் வளைந்து செல்லும் நெடிய சுரங்கமாகும். படுவான்கரைக் குன்றுகளில் காணப்படுபவை அவ்வகையின அல்ல. தொல்லியலார் 'பாறை ஒதுக்கு' என்று குறிப்பிடும், ஆழம் குறைந்த, முன்பக்கம் திறந்த, பகல் வெளிச்சம் பின்சுவர் வரை எட்டும் இடங்களே இவை. உயிர்காப்பு நோக்கில் இது குறையன்று, பெரும் வாய்ப்பு. 2018 ஜூன் 23ஆம் திகதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களுடைய உதவிப் பயிற்றுநரும், பின்னால் பெய்த மழையால் வழி நீரில் மூழ்கியதால் உள்ளே அகப்பட்டு, ஜூலை 10ஆம் திகதிதான் முழுமையாக மீட்கப்பட்டனர். மீட்புப் பணியின்போது தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் ஒருவர் உயிரிழந்தார். சுண்ணக்கற் குகை மழைநீரின் வழித்தடம் என்பதால், மழைக்குப் பயந்து அதற்குள் புகுவது நீரை எதிர்கொண்டு செல்வதற்கு ஒப்பாகும். கொடைக்கானல் குணா குகையின் அபாயமோ வேறு: அங்கே பாறைகளுக்கிடையிலான ஆழ்ந்த பிளவே மனிதரை விழுங்குகிறது. தாந்தாமலை போன்ற குன்றுகளில் ஒதுக்கு எது, பிளவு எது என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும். தரை கண்ணுக்குத் தெரியாத எந்த வாயிலுக்குள்ளும் இருட்டில் காலெடுத்து வைக்கலாகாது.

ஒதுக்கு கிடைத்துவிட்டால் மழைக்குத் தப்பலாம் என்பதும் அரைகுறை உண்மையே. பாறையின் மேற்புறத்தில் வழிந்து வரும் நீர் விளிம்பில் சொட்டி விழுந்துவிடுவதில்லை. பாறையை ஒட்டிக்கொண்டே உட்கூரையின் கீழாக ஊர்ந்து, உள்ளே அமர்ந்திருப்பவர் தலைமேல் விழுகிறது. இச்சிக்கலுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு காணப்பட்டது. குகையின் நெற்றியில் உளியால் நீளவாட்டில் ஒரு பள்ளமும் விளிம்பும் வெட்டிவிட்டால், ஊர்ந்து வரும் நீர் அவ்விடத்தில் பிடி இழந்து வெளியே சொட்டிவிடும். நீர்வடி விளிம்பு என்று தமிழிலும் கட்டாரம் என்று சிங்களத்திலும் சொல்லப்படும் இவ்வமைப்பு, கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் பௌத்த துறவிகளுக்கு வழங்கப்பட்ட இலங்கைக் குகைகளில் பரவலாகக் காணப்படுகிறது; மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் உள்ளிட்ட தமிழகச் சமணர் குகைகளிலும் இதே நுட்பம் உண்டு. பெரும்பாலும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மழை படாத இடத்தில், கொடையளித்தவரின் பெயரைப் பிராமி எழுத்தில் பொறித்தனர். அக்கல்வெட்டுகள் பலவற்றில், வந்துள்ளோரும் இனி வரவிருப்போருமாகிய நாற்றிசைச் சங்கத்தார்க்கு அக்குகை உரியது என்னும் பொருள்பட்ட வாசகம் இடம்பெறுகிறது.

இனி வரவிருப்போர்க்கும் உரியது என்ற அக்கருத்து கவனத்துக்குரியது. முகம் தெரியாத ஒருவர் மழைக்கு ஒதுங்குவார் என்ற எண்ணத்தோடு முன்கூட்டியே செப்பம் செய்து வைக்கப்பட்ட இடம் அது. கிழக்கிலங்கைக் காடுகளில் இத்தகைய குகைகள் கண்டறியப்படும்போதெல்லாம், அவை எந்த இனத்தாருக்குச் சொந்தம் என்ற வழக்கே முதலில் எழுகிறது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளம் குகைக் கல்வெட்டு, கொடையாளியான விசாகன் என்னும் வணிகனைத் 'தமேட' அதாவது தமிழன் என்று குறிப்பதையும், அம்பாறைப் பகுதியின் குடுவில் கல்வெட்டில் தீகவாபி வணிகர்களோடு தமேடப் பெயரும் சேர்ந்து வருவதையும் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். கொடுத்தவர் பலராகவும் பயன்கொண்டவர் பலராகவும் இருந்த ஓர் ஏற்பாட்டை ஒருவருக்கே எழுதிக்கொடுக்க முனையும் இக்காலத்து வழக்கு, அக்குகைகளை அமைத்தவர்களின் நோக்கத்துக்கு மாறானது.

துறவிகளுக்கு நெடுங்காலம் முன்பே இவ்வொதுக்குகளில் வாழ்ந்தோர் உண்டு. தென்மேற்கிலங்கையின் பாகியன்கல குகையில் கிடைத்த சான்றுகள் 45,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. அங்கு வாழ்ந்தோர் மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடி நிலைபெற்றிருந்தனர் என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். மட்டக்களப்புக்கு அண்மையில் இம்மரபின் கடைசிக் காட்சியைப் பதிவு செய்தவர்கள் சார்ல்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர். அவர்கள் கள ஆய்வு செய்து 1911இல் வெளியிட்ட 'தி வெத்தாஸ்' என்னும் நூல், மட்டக்களப்புக்குத் தென்மேற்கேயுள்ள குன்றுகளில் வாழ்ந்த வேடர் குடும்பங்களைப் பற்றியும், வடக்கே வாகரைப் பக்கமாகக் கடலோரத்தில் தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடர் பற்றியும் விரிவாகப் பேசுகிறது.

அந்நூல் தரும் செய்திகளை உயிர்காப்பு நோக்கில் வாசிப்பவர்க்குப் பல நுட்பங்கள் புலப்படும். குன்றின் ஒதுக்குகள் வேடருக்கு ஆண்டு முழுவதற்குமான வீடுகளாக இருந்ததில்லை. மழைக்காலத்தில் குன்றின் உயரமான பாறைகளுக்கு ஏறுவதும், வறட்சிக் காலத்தில் விலங்குகள் நீருக்கு வரும் தாழ்நிலத்துக்கு இறங்கி மரப்பட்டையாலும் இலையாலும் குடில் கட்டுவதுமே அவர்கள் வழக்கம். ஒரே குகையில் பல குடும்பங்கள் தங்கும்போது, தடுப்பு எதுவும் இல்லாமலே, ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய பகுதியை விட்டு விலகுவதில்லை. நெருக்கடியான இடத்தில் பூசலின்றி வாழ வேண்டியவர்க்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு இன்று வரை கண்டுபிடிக்கப்படவில்லை. வேட்டைக்குச் சென்ற ஆடவர் திரும்பும் வரை பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் பாறைச் சுவரில் ஓவியம் தீட்டினர். காத்திருத்தலே பாதி உயிர்காப்பு என்பதை அறிந்தவர்க்கு அவ்வோவியங்களின் பயன் விளங்கும். எவரேனும் குகையில் இறந்துவிட்டால் உடலை இலையாலும் கொப்பாலும் மூடி அங்கேயே விட்டு, குகையைப் பல ஆண்டுகள் துறந்துவிடுவது அவர்கள் மரபு. அச்சம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டாலும், நோய் தொடராமல் காத்த பயனும் அதற்கு இருந்திருக்க வேண்டும்.

தாந்தாமலையிலிருந்து வடக்கே, உன்னிச்சைக் குளம், உறுகாமக் குளம் ஆகியவற்றின் பக்கமாகச் சென்று, மீண்டும் பிரதான வீதிக்கு வந்து கிரானை அடைந்தால், அங்கிருந்து மேற்கே குடும்பிமலைக்கு வழி பிரிகிறது. பிரித்தானியர் 'பாரன்ஸ் கப்' என்று அழைத்ததும் சிங்களவர் தொப்பிகல என்று அழைப்பதுமான இம்மலை, சமவெளியில் வெகுதொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்கது. காட்டில் திசை தப்பியவர்க்கு இதைக் கண்ணால் காண்பதே பாதித் துணை. மலையைச் சென்றடைவதோ பருவத்தைப் பொறுத்தது. பெருமழையின்போது கிரானுக்கும் புலிபாய்ந்தகல்லுக்கும் இடையிலான வீதியை வெள்ளம் மூடி, போக்குவரத்து படகில் நடப்பது ஆண்டுதோறும் செய்தியாகும் நிகழ்வு. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் கண்ட பெருவெள்ளத்தில் படுவான்கரையின் பல ஊர்கள் நாட்கணக்கில் தனிமைப்பட்டுக் கிடந்தன. வெள்ளத்துக்கு அப்பால் நிற்கும் பட்டிக்காரருக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும். வாடியும் தாழ்நிலத்தில் இருந்துவிட்டால், ஏறி நிற்கப் பாறையே எஞ்சும்.

குடும்பிமலைக் காடு நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் தளப் பகுதியாக இருந்து, 2007 ஜூலை 11ஆம் திகதி இராணுவத்தால் கைப்பற்றப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆயினும் போர் நடந்த காட்டில், பாறை இடுக்கில் கிடக்கும் இன்னதென்று தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல் விலகுவதே அறிவு. இன்று அம்மலையைச் சூழ்ந்த மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள், பட்டிக்காரர்களுக்கும் அங்கு பயிர்செய்ய முற்பட்டோருக்கும் இடையிலான பிணக்கால் அறியப்படுகின்றன. பாறை ஒதுக்குகள் பற்றிய நடைமுறை அறிவு, அதாவது எந்தப் பாறை காற்றுக்கு மறைவு, எதன் அருகே சுனை வற்றாது, எதில் கரடி கிடக்கும் என்பன, இன்று மிகுதியாக எஞ்சியிருப்பது அப்பட்டிக்காரர்களிடமே என்பதால், அவர்கள் அந்நிலத்தை விட்டு அகல நேர்ந்தால் அவ்வறிவும் அகன்றுவிடும்.

கரடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வாழும் கரடி, குட்டி ஈனுவதற்கும் பகற்பொழுதில் படுப்பதற்கும் பாறைக் குகைகளைத் தேடுகிறது. யானை செங்குத்தான பாறைச் சரிவில் ஏறுவது அரிது, சிறுத்தை பெரும்பாலும் மனிதரைத் தவிர்க்கும். ஆனால் தன் குகை வாயிலில் திடீரென மனிதரைக் கண்ட கரடி, குறிப்பாகக் குட்டியுள்ள தாய்க்கரடி, தப்பியோடுவதைவிடத் தாக்குவதையே தேர்கிறது. அதுவும் முகத்தைக் குறிவைத்தே தாக்குகிறது. வில்லோடு காட்டில் வளர்ந்த வேடர்களே மிகவும் அஞ்சிய விலங்கு இது. ஆகவே ஒதுக்கை நெருங்குபவர் தொலைவிலிருந்தே குரல்கொடுத்தும் கம்பால் மரத்தைத் தட்டியும் வரவை அறிவிக்க வேண்டும். வாயிலில் மண்ணைக் கிளறிய தடமும், கறையான் புற்றுகள் உடைக்கப்பட்ட அடையாளமும், மயிரும், துர்நாற்றமும் இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் விலகிவிட வேண்டும். நனைந்த இரவு ஒருவரைக் கொல்வது அரிது.

இவ்விடத்தில், மேலைநாட்டு உயிர்காப்புக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவதால் விளையும் தவறொன்றைச் சுட்டலாம். அக்கையேடுகள் பனியும் கடுங்குளிரும் உள்ள நிலங்களுக்காக எழுதப்பட்டவை. குகைக்குள் புகு, நெருப்பு மூட்டு என்பதே அவற்றின் முதல் அறிவுரை. மட்டக்களப்பில் இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஈர உடையோடு காற்றில் நிற்கும் முதியவரும் குழந்தையும் நடுங்கித் தளர்வது உண்மையே. ஆனால் அதற்கு மருந்து காற்றுக்கு மறைவும் உலர்ந்த துணியுமேயன்றிப் பெருநெருப்பு அன்று. ஒதுக்கின் உட்கூரைக்கு நேர்கீழே எரியும் நெருப்பு பாறையைச் சூடாக்கி, ஏற்கெனவே கழலக் காத்திருக்கும் படலங்களை வெடித்து விழச் செய்யும். பாறை முகட்டில் பெருந்தேனீ அடை தொங்கினால் புகை அக்கூட்டத்தை அப்படியே கீழே இறக்கிவிடும். சிகிரியாவில் கொட்டுப்பட்டு ஓடும் பயணிகளுக்கென வலையிட்ட தடுப்பறைகளே அமைக்கப்பட்டிருப்பது, இவ்வபாயம் கற்பனை அன்று என்பதைக் காட்டும். நெருப்பு வேண்டுமானால், அடை எதுவும் இல்லை என்று அண்ணாந்து பார்த்த பின், விளிம்புக்கு வெளியே, சிறிதாக மூட்டலாம். பழைய கல்வெட்டோ ஓவியமோ உள்ள குகையில் அதுவும் கூடாது. கரி படிந்த எழுத்தை மீண்டும் வாசிக்க இயலாது என்பதோடு, தொல்பொருட்சின்னத்துக்குச் சேதம் விளைவிப்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும்.

மின்னல் மற்றொன்று. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபரை ஒட்டியும் பிற்பகல் இடிமுழக்கம் இப்பகுதியில் வழக்கம். குன்றின்மேல் விழும் மின்னோட்டம் பாறையின் ஈரமான மேற்பரப்பு வழியே இறங்கி வரும்போது, ஒதுக்கின் வாயிலை அடைந்ததும், மேல் விளிம்பிலிருந்து கீழ்த்தரைக்கு இடைவெளியைத் தாண்டிப் பாயக்கூடும். வாயிலில் நின்று மழையை வேடிக்கை பார்ப்பவரே அப்பாய்ச்சலுக்குப் பாலமாகிறார். போதிய ஆழமுள்ள ஒதுக்கானால் உள்ளே தள்ளி, சுவரிலும் கூரையிலும் உடல் படாமல் குந்தியிருக்க வேண்டும். ஓர் ஆள் ஆழமே உள்ள விளிம்பானால், அதை விட்டுக் குன்றின் அடிவாரத் தாழ்நிலத்துக்கு இறங்கிவிடுவதே மேல். வெளவால் எச்சம் தடித்துக் கிடக்கும் குகைகளில் அத்தூளைக் கிளறி மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. பாம்பும் உலர்ந்த இடத்தையே நாடும் என்பதால், சருகைக் கையால் அள்ளாமல் கொப்பால் கூட்டி அகற்ற வேண்டும்.

குடிநீரைப் பொறுத்தவரை இக்குன்றுகள் தாராளமானவை. பாறையின் மேற்பரப்பில் இயற்கையாக அமைந்த குழிகளில் மழைநீர் தேங்கிச் சுனைகளாகிறது. மழைக்காலத்தில் ஒதுங்கியவர்க்கு, கொதிக்கவைக்க ஒரு பாத்திரம் இருந்தால், நீருக்குப் பஞ்சமில்லை. தரையில் வரிசையாகச் சொட்டுக் குழிகள் விழுந்திருக்கும் கோடு, மழை எதுவரை எட்டும் என்பதைக் காட்டும். அக்கோட்டுக்கு உள்ளே, மண் தூளாக உலர்ந்து கிடக்கும் பகுதியே படுக்கத் தக்கது. வாயில் தென்மேற்கு நோக்கியதாக இருப்பது வடகீழ்ப் பருவ மழைக்கு நல்லது. ஓடை இறங்கும் தடத்தில் அமைந்த ஒதுக்கு பகலில் எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் இரவுக்கு ஆகாது.

இவ்வறிவு எதுவும் புதிதன்று. துறவியும் வேடரும் பட்டிக்காரரும் தத்தம் தேவைக்காகச் சேர்த்து வைத்தது. புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் கட்டமைப்பு, பாடசாலைகளையும் மண்டபங்களையும் பாதுகாப்பு இடங்களாகப் பட்டியலிடுவதுபோல, மேய்ச்சல் தரைகளை அண்டிய, தொல்பொருட் சான்றுகள் சிதைய இடமில்லாத பாறை ஒதுக்குகளையும், வெள்ளம் எட்டாத பாறை மேடுகளையும், பட்டிக்காரர்களைக் கேட்டே குறித்து வைக்கலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அது நடக்கும் வரை, குடும்பிமலைக்கோ தாந்தாமலைக்கு அப்பாலுள்ள காட்டுக்கோ செல்பவர், எந்த வழியாகச் செல்கிறார், எந்நாளில் திரும்புவார் என்பதை அப்பகுதிக் கிராம உத்தியோகத்தரிடமோ கடைசி ஊரிலுள்ள எவரிடமேனுமோ சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. குன்றுகளுக்கு இடையில் கைப்பேசி அலைவரிசை கிடைக்கும் என்று நம்பிவிட முடியாதாகையால், அவ்விலக்கத்தை அழைக்க வேண்டியவர் ஊரில் இருப்பவரே.